உப்பும் பூநாரையும்: வேதாரண்யம் முதல் மனோரா வரை

வெள்ளி, வேதாரண்யம்

திருத்துறைப்பூண்டியில் வண்டி மாறி ஏறினால் அகஸ்தியம்பள்ளி வரை ரயிலிலேயே வந்துவிடலாம். மீட்டர் கேஜ் காலத்தில் தண்டவாளம் கோடியக்கரை வரைக்கும் கிடந்தது. அகலப்பாதை போட்டு 2023 ஏப்ரலில் மறுபடி வண்டி விட்டபோது அகஸ்தியம்பள்ளியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கப்புறம் காடு. அங்கே இனி ரயில் போகாது, போகவும் வேண்டாம்.

கூட வந்த நண்பருக்குப் பறவை தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. எனக்கு இடிந்த சுவர் ஒன்று கிடைத்தால் போதும். வண்டியிலேயே பேசி முடித்துக்கொண்டோம்: காலைப்பொழுது அவருக்கு, சாயங்காலம் எனக்கு. இன்று வந்து சேர்ந்ததே மத்தியானம் என்பதால் முதல் ஆட்டம் என்னுடையது. நேராகக் கோயிலுக்குப் போனோம்.

வேதாரண்யத்தின் பழைய பெயர் திருமறைக்காடு. வேதங்களே வந்து பூசை செய்துவிட்டு, போகும்போது கதவைத் தாழிட்டுப் போய்விட்டன என்பது தலபுராணம். அதன்பின் ஊர்க்காரர்கள் பக்கத்து வாசல் வழியாகப் போய்க் கும்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். அப்பரும் சம்பந்தரும் சேர்ந்து வந்தபோது அந்தக் கதவைத் திறக்க அப்பர் பாடினார். திறக்கவில்லை. பாட்டுக்குமேல் பாட்டாகப் பதிகம் முழுக்கப் பாடி, கடைசியில் உமக்கு இரக்கமே கிடையாதா என்று கேட்ட பிறகுதான் தாழ் விலகியது. திரும்ப மூடுவதற்குச் சம்பந்தர் பாடினார். ஒரே பாட்டில் கதவு சாத்திக்கொண்டது. வயதில் மூத்த அப்பருக்கு இது மனசில் தைத்துவிட்டது என்று பெரியபுராணம் ஒளிக்காமல் சொல்கிறது. அடியார் கதைகளில் எனக்குப் பிடித்த இடம் இது. பிள்ளைக்கு ஒரு பாட்டு, கிழவருக்கு ஒரு பதிகம் என்பது என்ன நியாயம் என்று யாருக்கும் தோன்றும். அப்பருக்கும் தோன்றியிருக்கிறது.

உள்ளே அம்மனுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். அம்மன் குரலின் இனிமைக்கு முன்னால் வாசிக்க வெட்கப்பட்டு, சரஸ்வதி வீணையைக் கீழே வைத்துவிட்டாளாம். இங்கே உள்ள சரஸ்வதி சிலையில் வீணை இல்லை. கையில் சுவடி மட்டும்தான். தெரியாமல் போனால் கவனிக்காமலே கடந்துவிடுவோம். ஒரு பாட்டி தன் பேத்தியை நிறுத்தி, "வீணை எங்க இருக்கு, தேடு பாப்போம்" என்று விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்ததால்தான் நானும் பார்த்தேன்.

திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். அணையப்போன கோயில் விளக்கில் நெய் குடிக்க வந்த எலி மூக்கால் திரியைத் தூண்டிவிட, அந்தப் புண்ணியத்தில் மறுபிறவியில் மகாபலிச் சக்கரவர்த்தி ஆனதாம். ஒரு விளக்குக்கு இவ்வளவு பெரிய கதை ஏன் என்று நாளைக்குக் கடற்கரையைப் பார்த்தால் புரியலாம் என்றார் நண்பர். இருட்டுக் கடலோரத்தில் வெளிச்சத்துக்குத் தனி மதிப்புதான்.

ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இறால் நன்றாக இருந்தது, சாம்பார் நன்றாக இல்லை.

சனி, கோடியக்கரை

விடியுமுன்பே ஆட்டோ. அகஸ்தியம்பள்ளி தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம், அப்புறம் கோடியக்காடு கிராமம், அப்புறம் வனத்துறை கேட். வேதாரண்யத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் ஊர் ஒரு பத்து முறையாவது மாறிவிடுகிறது.

சோழ மண்டலக் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து, இந்த முனையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. எதிரே இலங்கையின் வடகரை 60 கிலோமீட்டருக்குள். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் ஆதிசேது என்று இங்கே வந்து முழுக்குப் போடுகிற கூட்டம் பெரிது. மற்ற நாட்களில் காற்றுதான்.

1962இல் பறவையியலாளர் சலீம் அலி வந்து பார்த்து, இது சாதாரண இடமில்லை என்று சொன்னார். 1967இல் சரணாலயம் ஆயிற்று. 2002இல் இதையும் இதை ஒட்டிய சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாவற்றையும் சேர்த்து 38,500 ஹெக்டேரை ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். அதற்கப்புறம் இருபது வருஷம் தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தது இது ஒன்றுதான்.

கேட்டுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்திலேயே வெளிமான். ஆண் மானுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிய கொம்பு. பெண் மான்கள் பத்துப் பதினைந்து மேய, அது மட்டும் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கொம்பு முதுகைத் தொடுகிற மாதிரி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்தது. நடக்கிற நடையைப் பார்த்தால் அந்தப் புல்வெளிக்கு அது பட்டா வாங்கியிருக்கிறது என்றுதான் தோன்றும். கொஞ்சம் தள்ளி மட்டக் குதிரைகள். எப்போதோ மனிதர்கள் வளர்த்து விட்டவற்றின் வம்சம், இப்போது யாருக்கும் கட்டுப்படாதவை. பார்க்க அழகுதான், ஆனால் மான் மேய வேண்டிய புல்லையும் குடிக்க வேண்டிய தண்ணீரையும் அவை பங்கு போடுகின்றன. போதாக்குறைக்குச் சீமைக் கருவேலம் புல்வெளியை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருகிறது. குதிரையைப் படம் எடுத்தவர்கள்தான் அதிகம்.

காடு என்றதும் ஓங்கி வளர்ந்த மரங்களை எதிர்பார்த்து வரக்கூடாது. இது வறண்ட பசுமைமாறாக் காடு. பாலை மரங்கள் உப்புக் காற்றுக்கு முதுகைக் காட்டி வளைந்து, அடர்ந்து, குட்டையாக நிற்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியபோது இந்தக் காட்டின் மேல்தான் வந்தது. மரம் மட்டும் விழவில்லை, மான்களும் குதிரைகளும் செத்தன. வேரோடு சாய்ந்த பாலைகளில் சில, படுத்த வாக்கிலேயே தழைத்து மேலே கிளை விட்டிருக்கின்றன. ஆட்டோ ஓட்டி வந்த தம்பி ஒன்றைக் காட்டி, "இது செத்துருச்சுன்னு விறகுக்குக் கேட்டாங்கண்ணே, குடுக்கல" என்றான்.

பிறகு சதுப்புக்குப் போனோம். பூநாரைகளை முதலில் தூரத்துக் கானலில் ஒரு வெளிறிய கோடாகத்தான் பார்த்தேன். தொலைநோக்கியில் பார்த்ததும் கோடு பிரிந்து, கால் முளைத்து, நடந்தது. பூநாரை மற்ற நாரைகள் போலக் கொத்தித் தின்பதில்லை. கழுத்தை வளைத்துத் தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, அலகால் சேற்று நீரை உறிஞ்சி வடிகட்டுகிறது. அதற்குள் கிடைக்கிற நுண்ணிய பாசியும் இறால் குஞ்சு போன்ற சின்ன உயிர்களும்தான் சாப்பாடு, அந்தச் சாப்பாட்டிலிருந்துதான் சிறகின் இளஞ்சிவப்பும் வருகிறது. உப்பு ஏறிய தண்ணீரில் வாழ்கிற சீவன்கள் அவை. உப்பு அளவு மீறிப் போனால் அவையும் இருக்காது. அருகில் கொசு உள்ளான்கள் சேற்றில் ஓடி ஓடிக் குத்திக்கொண்டிருந்தன. உள்ளங்கையில் அடங்கும் பறவை. சைபீரியப் பக்கத்திலிருந்து வருகிறது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாக இங்கே தங்கி, பறவைகளைப் பிடித்து, எடை பார்த்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள்.

"முன்னெல்லாம் இன்னும் நிறைய வந்தது" என்று நண்பர் சொல்ல ஆரம்பித்தார். பறவை பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. உப்பளங்கள் விரிந்ததும், சதுப்புக்கு வருகிற நல்ல தண்ணீர் குறைந்ததும், உப்பின் அளவு மாறியதும் காரணங்கள் என்று ஆய்வாளர்கள் நெடுநாளாகச் சொல்லி வருவதை வழியெல்லாம் விளக்கினார்.

சாயங்காலம் என் முறை. ராமர் பாதம் என்பது ஒரு மேடு, இந்தச் சுற்று வட்டாரத்திலேயே உயரமான இடம் அதுதான். உயரம் என்றால் ஒரு வீட்டு மொட்டை மாடி அளவுகூட இல்லை. மேலே ஒரு சின்ன மண்டபத்தில் கல்லில் செதுக்கிய இரண்டு பாதம். ராமன் இலங்கையைப் பார்த்து நின்ற இடம் என்கிறார்கள். அங்கிருந்து நாலு பக்கமும் தெரிகிற காடும் சதுப்பும்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

குழகர் என்ற சிவன் கோயிலுக்குப் போகும்போது வெயில் தாழ்ந்திருந்தது. சேரமான் பெருமாளோடு வந்த சுந்தரர் இந்தக் கோயிலைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விகளைத்தான் பதிகமாகப் பாடினார். கடல்காற்று இப்படி வீசி அடிக்கிற கரையில், பக்கத்தில் குடியே இல்லாமல், துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று இங்கே வந்து உட்கார்ந்தீர்? பத்துப் பேர் பக்கத்தில் இருந்தால் குற்றமா? தேவாரத்தில் வரம் கேட்கிற பாட்டுகள் உண்டு, சண்டை போடுகிற பாட்டுகள் உண்டு. சாமியைப் பார்த்து ஐயோ பாவம் தனியாக இருக்கிறாரே என்று வருத்தப்படுகிற பாட்டு அபூர்வம். அந்த நேரத்தில் கோயிலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

கடைசியில் கலங்கரை விளக்கம். சோழர் காலத்தது என்று சொல்லப்படுகிற விளக்கு ஒன்று 2004 சுனாமி வரை நின்றிருந்தது. அலை அதைச் சாய்த்துவிட்டது. இப்போது இருப்பது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த ஒரு முண்டம், அதன்மேல் செடி. பிரிட்டிஷார் கட்டிய குட்டையான விளக்கு வேறு, இப்போது வேலை செய்கிற உயரமான விளக்கு வேறு. சோழர் விளக்கு எது என்று தேடி வருகிறவர்கள் பலர், பொன்னியின் செல்வன் நாவல் படித்துவிட்டு வருகிறவர்கள் அதிலும் அதிகம். பலர் உயரமான விளக்கின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். மானுக்குச் சட்டம் இருக்கிறது, கோயிலுக்குத் திருப்பணி இருக்கிறது. இந்தச் செங்கல் குவியல் யார் கணக்கிலும் ஒட்டாமல் கிடக்கிற மாதிரித்தான் எனக்குப் பட்டது. செங்கல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். இப்போதைய செங்கல்லைவிடத் தட்டையாக, அகலமாக இருந்தது. விளிம்பு உதிர்ந்து விரலில் ஒட்டியது. தொடாமலே இருந்திருக்கலாம்.

ஞாயிறு, அகஸ்தியம்பள்ளி

இன்று காலையும் எனக்கே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். உப்பளத்துக்கு வெயில் ஏறுமுன் போய்விட வேண்டும்.

1930 ஏப்ரல் 13, சித்திரைப் பிறப்பு. திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகச் சுமார் நூறு பேர் நடக்கத் தொடங்கினார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஏறக்குறைய 240 கிலோமீட்டர் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தார்கள். 30ஆம் தேதி விடியலில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். ராஜாஜி கைதானார், ஆறு மாதச் சிறை. ஆள் மாற்றி ஆள் வந்து அள்ளிக்கொண்டே இருந்தார்கள். ருக்மணி லட்சுமிபதி இங்கே கைதாகித்தான் சிறை போனார். நாமக்கல் கவிஞர் இந்த நடைக்காகவே எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார்கள் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்தது.

பள்ளிக்கூடத்தில் சொல்லாதது வழியில் நடந்தது. தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ இடம் கொடுத்தாலோ தண்டனை என்று உத்தரவு போட்டார். காவிரிக் கரைக்காரனிடம் போய் வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு போடாதே என்றால் கேட்பானா? சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். யார் கட்டினார்கள் என்று மரமா சொல்லும்? அரசின் மேல் விசுவாசம் என்று ஒன்று இருந்திருந்தாலும் இப்போது அது செத்துவிட்டது என்ற பொருள்படக் கடைசியில் அதே தார்ன்தான் மேலிடத்துக்கு எழுதினார்.

வேதாரண்யத்தில் எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. 1946இல் அவர் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலம் இன்றும் நடக்கிறது. ஆனால் இந்த ஊரில் நான் பெரிதாக நினைப்பது வைரப்பனை. சவரத் தொழிலாளி. போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று இருந்தவரிடம், மப்டியில் வந்து உட்கார்ந்தார் ஒருவர். பாதி முகம் வழித்த பிறகு ஆள் போலீஸ் என்று தெரிந்ததும் வைரப்பன் கத்தியை மடக்கிவிட்டார். மீதியை முடி என்று மிரட்டியும் முடியாது என்றார். சிறைக்கே போனார். பாதித் தாடியோடு தெருவில் நடந்த அந்தப் போலீஸ்காரரை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கோர்ட்டில் நின்ற வைரப்பனை நினைத்தால் வரவில்லை. அவருக்கும் ஒரு நினைவுத் தூண் உண்டு.

அகஸ்தியம்பள்ளி நினைவிடத்தில் சுற்றிவரப் பத்து நிமிஷம்கூட ஆகாது. நினைவுத் தூண் இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, தூணைத் தாண்டினால் அதே உப்பு மண். அன்று அங்கே உப்பு காய்ச்ச வேண்டிய அவசியமே இல்லை, சதுப்பில் தானாகப் பூத்துக் கிடந்ததைக் கையால் அள்ளினாலே குற்றம். அந்தப் பூநாரைக்குச் சாப்பாடு போடுகிற அதே சேறுதான் இது. சதுப்பு இங்கே இல்லையென்றால் ராஜாஜி வேறு எங்காவது நடந்திருப்பார்.

சாலையைக் கடந்து இன்றைய உப்பளத்துக்குப் போனோம். பிப்ரவரி என்பதால் மழைக்காலத்தில் கரைந்த வரப்புகளை எடுத்துக்கட்டி, சேற்றை மிதித்து இறுக்கும் வேலை பாதி இடங்களில் இன்னும் முடியவில்லை. தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவைக்கிறார்கள். கடல்நீர், உப்பின் அடர்த்தியை அளக்கிற போமே மானியில் மூன்று டிகிரி சொச்சம் காட்டும், வற்றி வற்றி 25 டிகிரியை எட்டும்போது உப்பு இறங்கத் தொடங்கும். ரொம்ப விட்டால் கசப்பு உப்பும் சேர்ந்து இறங்கிவிடும் என்பதால் மிச்ச நீரைத் திறந்துவிட வேண்டும். மானி வைத்திருக்கிறவர்கள் மானியில் பார்க்கிறார்கள். அங்கே வேலை செய்த அம்மா பாத்தியை எட்டிப் பார்த்தே சொன்னார்.

"நாளைக்கு மறுநா வாரலாம். ஒரு தூத்தல் போட்டாப் போச்சு தம்பி, எல்லாம் தண்ணிதான்."

காலில் என்ன புண் என்று கேட்டேன். "உப்புக்கால்தான், வேற என்னா" என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுத்தார். காலில் ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் அந்தப் பக்கத்தில் இரண்டே பேர், இருவரும் மேஸ்திரிகள்.

நண்பர் அந்த நேரத்தில் பக்கத்துத் தேக்கத்தில் நெடுங்கால் உள்ளான் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பளத்தில் முதல் கட்டத் தண்ணீர் தேங்குகிற பெரிய பாத்திகளில் பறவை இறங்குகிறது, உப்பு கட்டுகிற கடைசிப் பாத்திகளில் ஒன்றும் இல்லை. உப்பளம் பறவைக்கு எதிரி என்று நேற்று முழுக்கச் சொன்னவர் இன்று அதை மாற்றிச் சொல்லவில்லை, கொஞ்சம் நீட்டிச் சொன்னார்.

திங்கள், முத்துப்பேட்டை வழியாக மனோரா

முத்துப்பேட்டையில் சீக்கிரம் முடித்துக்கொண்டோம். ஜாம்புவானோடை தர்காவில் ஷேக் தாவூது அடக்கம். மனநிலை சரியில்லாதவர்களைக் கூட்டிவந்து தங்கவைக்கிற குடும்பங்களில் எல்லா மதத்துக்காரர்களும் இருந்தார்கள். அங்கிருந்து படகுத்துறை பக்கம்தான். அலையாத்திக் காட்டுக்குள் இரண்டு பக்கமும் கண்டல் மரங்கள், சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிய மூச்சு வேர்கள். கெட்டுப்போன பகுதிகளில் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, அலைநீர் ஏறி இறங்க வழிசெய்து, மறுபடி கன்று நட்டிருக்கிறார்கள். நட்ட இடமும் தானாக வளர்ந்த இடமும் பார்த்தாலே தெரிகிறது. நட்டது வரிசையாக நிற்கிறது.

மல்லிப்பட்டினத்துக்கு அருகே சரபேந்திரராஜன்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிற்கிறது மனோரா. அறுகோணம், எட்டு அடுக்கு, சுற்றிலும் அகழி. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்றதைக் கொண்டாடக் கட்டினார் என்று பாதிப் பேர் சொல்வார்கள். கல்வெட்டில் இருக்கிற ஆண்டு 1814. வாட்டர்லூ நடந்தது 1815 ஜூனில். 1814 ஏப்ரலில் நெப்போலியன் முதல்முறை முடியைத் துறந்து எல்பா தீவுக்குப் போனானே, கொண்டாட்டம் அதற்குத்தான். சரபோஜி கொண்டாடி முடிப்பதற்குள் அவன் தீவிலிருந்து தப்பி வந்து மறுபடி சண்டைக்கு நின்றான். ஆங்கிலேயரின் நண்பர், கூட்டாளி என்று சரபோஜி தன்னைச் சொல்லிக்கொள்கிற அந்தக் கல்வெட்டைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ராஜ்ஜியத்தை 1799லேயே கம்பெனியிடம் கொடுத்துவிட்டு, கோட்டையும் பட்டமும் மட்டும் வைத்திருந்த மன்னர் வேறு என்ன எழுத முடியும் என்பதும் உண்மை. அதே மனிதர்தான் சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தார்.

மேலே ஏறிப் பார்க்கத் தெரிகிற இந்தக் கடலில்தான் 2022இல் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே கடல்பசுவுக்கென்று முதல் பாதுகாப்பகம். அடியில் கடல்புல் மேய்ந்துகொண்டிருக்கும் பிராணி, மூச்சு விட மட்டும் மேலே வரும். எங்களுக்குத் தெரியவில்லை, தெரியும் என்று போகவும் இல்லை. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் பார்த்ததுண்டா என்று கேட்டோம்.

"வலையில மாட்டினா அறுத்து விட்டுர்றோம் சார். அறுத்த வலைக்குப் பணம் உண்டு, எழுதிக் குடுக்கணும்."

வாங்கினீர்களா என்று நண்பர் கேட்டார். போன தடவை வந்தது என்றார். எவ்வளவு என்று கேட்டதற்கு, வலைக்கு ஆகிற செலவைச் சொல்லிவிட்டு, அந்த அளவு இல்லை என்று சிரித்தார்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பறவைக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், உப்பு குவித்திருப்பதைப் பார்க்க ஏப்ரலுக்கு மேல்; இரண்டையும் ஒரே பயணத்தில் முழுசாகப் பார்க்க முடியாது. கோடியக்கரைக்குள் கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். முத்துப்பேட்டைப் படகுக்கு முன்கூட்டியே வனத்துறையில் சொல்லிவையுங்கள். மனோராவிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் பேருந்து இருக்கிறது, சாயங்காலத்தில் கூட்டம் அதிகம்.